இல்லாத டிஸ்கைத் தேடிய கம்ப்யூட்டர்

அத்தியாயம் மூன்று

சிவகாசியில் அந்த அச்சகத்தின் முகப்பில் ‘கனகசபாபதி அண்டு சன்ஸ்’ என்று ஆளுயர எழுத்தில் இருந்தது. கனகசபாபதிக்கு மகன்கள் கிடையாது. கல்யாணமான வருஷமே, முழு நம்பிக்கையோடு அவர் வைத்த பலகை அது. பிறந்தது ஒரே மகள். பலகையை மாற்றுவது சொன்ன சொல்லை மாற்றுவதற்குச் சமம் என்று அவர் விட்டுவிட்டதால், பிறக்காத மகன்கள் இத்தனை காலமும் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

“சார், இந்தக் கம்பெனியில காணாமப் போன கணக்குல மகன்களையும் சேர்க்கணும் போலயே,” என்றபடி ஸ்கூட்டரை நிறுத்தினாள் அருணாதேவி.

பின்னால் உட்கார்ந்திருந்த தேவாசீர்வாதம் இறங்கிச் சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். அரசாங்கத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலம் அளக்கும் சங்கிலியைச் சுருட்டி வைத்த கையோடு விருதுநகரில் துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். வரப்புத் தகராறுக்கும் திருட்டுக்கும் பெரிய வித்தியாசம் அவர் கண்டதில்லை. எங்கேயோ யாரோ கல்லை நகர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். அருணாதேவி கம்ப்யூட்டர் படித்துவிட்டு அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். அவருக்குத் தெரியாதது கம்ப்யூட்டர். அவளுக்குத் தெரியாதது வாயை மூடுவது.

வாசலில் கனகசபாபதி நின்றிருந்தார். எழுபது வயது. வெள்ளை வேட்டியின் மடிப்பும் கலையவில்லை, முதுகெலும்பும் வளையவில்லை.

“வாங்க சர்வேயரய்யா. போலீசுக்கு நாலு மணிக்கு நானே போன் போடப் போறேன். அதுக்கு முன்னால ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னுதான் வரச் சொன்னேன். குடும்பப் பேரு ஸ்டேஷன் படியேறுறதுன்னா ஒரு மொறை இருக்குல்ல?”

“திருடினது யார்னு தெரிஞ்சிருச்சா, அண்ணாச்சி?”

“அது நேத்தே தெரிஞ்சு போச்சு. ஆல்பின்னு ஒரு பய, என் டிசைன் ரூம்ல ஆபரேட்டர். திருடுனதை எங்கன ஒளிச்சு வச்சிருக்கான்னுதான் நீங்க கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சா சரக்கு எனக்கு, பய ஸ்டேஷனுக்கு. கண்டுபிடிக்கலைன்னா பய மட்டும் ஸ்டேஷனுக்கு.”

“ரெண்டு பக்கமும் தலை போட்ட காசு மாதிரி இருக்கே,” என்றாள் அருணாதேவி.

கனகசபாபதி அவளைப் பார்த்தார். பிறகு தேவாசீர்வாதத்தைப் பார்த்து, “இந்தப் பொண்ணும் உள்ள வருமோ?” என்றார்.

“அது வராம நான் வந்து பிரயோஜனம் இல்ல,” என்றார் தேவாசீர்வாதம்.

நடந்ததைக் கனகசபாபதி நடந்துகொண்டே சொன்னார். ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அடுத்த வருஷத்துக்கு என்னென்ன சாமி, என்னென்ன குழந்தை, என்னென்ன நீர்வீழ்ச்சி என்று மாதிரிகளைத் தைத்த அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுப்பார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லாத கம்பெனிக்கு அந்த வருஷம் சீசன் இல்லை. அத்தனை டிசைனும் டிசைன் ரூமில் உள்ள பெரிய கம்ப்யூட்டரில் இருந்தன. நேற்று, ஆடி முதல் தேதி, காலையில் ஆல்பின் வந்து சுவிட்சைப் போட்டான். திரை கறுத்துப்போய் வெள்ளையில் இரண்டு வரி காட்டியது. அதோடு சரி.

“அவந்தான் கெடுத்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“ஸ்கிரீனைப் பார்த்ததுமே, ‘இது லினக்ஸ் சம்பந்தப்பட்டது மொதலாளி’ன்னான். வேற யாருக்குமே வெளங்கல, இவனுக்கு மட்டும் நோவு பேரு தெரியுது. அப்ப நோவைக் கொண்டாந்தவன் இவந்தான? வண்டியில வேற பென்குயின் படம் ஒட்டியிருக்கான். விசாரிச்சேன், அது அந்த லினக்ஸுக்கு அடையாளமாம்.”

“அப்பன்னா ஊர்ல இருக்குற டாக்டர் அம்புட்டுப் பேரையும் உள்ள தூக்கிப் போடணும்,” என்றாள் அருணாதேவி. “நோவு பேரு அவங்களுக்குத்தான் அதிகமாத் தெரியும்.”

கனகசபாபதி அதைக் காதில் வாங்காத கௌரவத்தோடு மேலே சொன்னார். டிசைன் எல்லாவற்றையும் ஆல்பின் காப்பி எடுத்து வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டான். தடயம் தெரியாமலிருக்க மிசினைக் கெடுத்துவிட்டான். இதை அவர் தனியே கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஆஃப்செட் மிசினை நிறுத்தச் சொல்லி, காலண்டருக்குத் தகரப்பட்டி அடிக்கும் பெண்கள் முதல் லோடு ஏற்றும் ஆட்கள் வரை எல்லார் காதிலும் தெளிவாக விழும்படி, “திருட்டுப் பய” என்று சொல்லியிருந்தார். அவர் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அதற்காக மிசினை நிறுத்துகிற ஆள்.

ஆல்பினைப் பேப்பர் குடோனில் உட்கார வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் பிரபாகரன் காவல். காவலாளியும் கைதியும் ஒரே பொட்டலத்திலிருந்து காராச்சேவு தின்றுகொண்டிருந்தார்கள்.

ஆல்பினுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். இரவு முழுக்கத் தூங்காத கண்.

“சார், ஞாயித்துக்கெழமை எங்க கோயில்ல எனக்கும் கிருபாவுக்கும் மொத ஓலை வாசிக்காக. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு போதகர் கேப்பாக. கிருபாவோட மாமா ஒருத்தர் மல்லாங்கிணத்துல இருந்து வாராரு. எந்திரிச்சு நிக்கிறதுக்குன்னே வாராரு. இதுவரைக்கும் அவருக்குக் காரணம் கெடைக்கல. இன்னைக்கு நாலு மணிக்கு நான் ஸ்டேஷனுக்குப் போனேன்னா, மொதலாளியே அவருக்குக் காரணத்தைப் பார்சல் கட்டிக் குடுத்த மாதிரி.”

“நீ திருடினியா?”

“முருகனையும் லட்சுமியையும் திருடி நான் என்ன சார் செய்யப் போறேன்? எங்க வீட்டுச் செவுத்துல பைபிள் வசனக் காலண்டர்தான் தொங்குது.”

“ஸ்கிரீன்ல என்ன பார்த்த?”

“ஒரு டிஸ்கைக் கேட்டுச்சு சார். நம்பரைச் சொல்லி, அந்த டிஸ்கு இங்க இல்லையேன்னுச்சு. நம்ம மிசின்ல அந்த நம்பர்ல டிஸ்கே கெடையாது. ஒரு நிமிசம் கீபோர்டைக் குடுங்க மொதலாளி, சரி பண்ணிருதேன்னு கெஞ்சினேன். ‘தடயத்தை அழிக்கவா பாக்குதே’ன்னுட்டாக.”

சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆளைக் கட்டிப் போட்டுவிட்டு, சரியாகவில்லையே என்று அவனையே திட்டும் இந்த முறையைத் தேவாசீர்வாதம் அரசாங்கத்தில் நிறையப் பார்த்திருந்தார். தனியார் துறையும் முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

டிசைன் ரூமின் சுவரில் கனகசபாபதியின் தகப்பனார் படமாக மாலையோடு இருந்தார். படத்துக்கு நேர் கீழே அந்தக் கம்ப்யூட்டர். அருணாதேவி சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரை. ‘அப்படி ஒரு சாதனம் இல்லை’ என்று இங்கிலீஷில் ஒரு வரி. அதன் பின்னால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வால். அதற்குக் கீழே ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“ஐயோ பாவம்,” என்றாள் அருணாதேவி. “அழுவுது சார். யாரையோ தேடுது.”

கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகினாள். கம்ப்யூட்டர் இந்த முறை அதிலிருந்து எழுந்தது. உள்ளே இருந்த பெரிய டிஸ்கை அவள் திறந்து காட்டினாள். முருகன் இருந்தார். மயிலும் கூடவே இருந்தது. லட்சுமி இருந்தாள், காசு கொட்டிக்கொண்டே. இயேசு நாதர் ஆட்டுக்குட்டியோடும் மெக்கா மசூதி நிலா வெளிச்சத்தோடும் இருந்தார்கள். பழைய தமிழ் எழுத்துருவுக்காக வைத்திருந்த பழைய விண்டோஸ், கலர் வேலைக்கான புது விண்டோஸ், இரண்டும் ஒரே டிஸ்கில் தனித்தனிப் பாகத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தன.

“ஒரு மயிலிறகு கூட உதிரல. எல்லாம் பத்திரம்.”

கனகசபாபதியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே, தவறு செய்துவிட்டது போல மூடிக்கொண்டது. “அப்ப காப்பி எடுத்துட்டுப் போயிருக்கான்.”

“அழிக்கவும் இல்ல, பூட்டவும் இல்ல. அப்ப எழுந்திருக்க மாட்டேங்குதே, ஏன்?” என்று கேட்டார் தேவாசீர்வாதம். “எனக்குப் புரியுற மாதிரி சொல்லு.”

“உங்க பாஷையிலேயே சொல்றேன் சார். டிஸ்க்ங்கிறது பாகம் பிரிச்ச நிலம். இந்தப் பெரிய நிலத்துல ரெண்டு வீடு. வாசல்ல ஒரு காவல்காரன். கரெண்ட் வந்ததும் எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு முடிவு பண்றவன் அவன்தான். அவனுக்குப் பேரு பூட்லோடர். யாரோ ஒருத்தர் ஒரு டிஸ்கை வெளியிலருந்து கொண்டு வந்து இந்த மிசின்ல மாட்டி, அதுல விண்டோஸ் மாதிரி லினக்ஸ்னு ஒண்ணைப் போட்டிருக்காங்க. அவங்க நிலத்துல அவங்க வீடு கட்டிக்கிட்டாங்க. தப்பில்ல. ஆனா காவல்காரனை மட்டும் அண்ணாச்சி வாசல்ல நிறுத்திட்டாங்க. எந்த வீட்டைத் தட்டணும்ங்கிற ஓலை அவங்க நிலத்துல கெடக்கு. அவங்க டிஸ்கைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. காவல்காரன் நம்பரைச் சொல்லிச் சொல்லி நடுத்தெருவுல நிக்கிறான்.”

“வேணும்னு செஞ்சதா?”

“வேணும்னு செய்யறவங்க இம்புட்டு அசடா செய்ய மாட்டாங்க. காவல்காரனை எந்த டிஸ்க்ல நிறுத்தணும்னு போடும்போதே கேக்கும். முதல்ல இருக்கிற டிஸ்கைக் காட்டிக்கிட்டு நிக்கும். நிதானமா இருக்கிறவங்க மாத்திக் குடுப்பாங்க. அவசரத்துல இருக்கிறவங்க பொட்டுன்னு என்டரைத் தட்டிருவாங்க. ஆல்பின் மாதிரி லினக்ஸ் தெரிஞ்சவன்னா தூக்கத்துல கூட மாத்திருவான்.”

“அப்ப அவசரக்காரர் யார்?”

அருணாதேவி டிஸ்கின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு பாகத்தைத் திறந்தாள். புதிதாக ஒரு ஃபோல்டர். “காவல்காரன் வேலைக்குச் சேர்ந்த நேரம் இதுல இருக்கு. புதன்கிழமை, பகல் பன்னிரண்டு அடிக்கக் கொஞ்சம் முன்னால.”

தேவாசீர்வாதம் திரையை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரிடம் போனார். அந்த அச்சகத்திலேயே அச்சான காலண்டர்தான். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு நல்ல நேரம் எது என்று சொல்லிக்கொடுக்கும் இடம். புதன்கிழமைக்குப் பன்னிரண்டிலிருந்து ராகு காலம் என்பதைத் தெரிந்துகொள்ள அவருக்குக் கிழித்த தாள் தேவைப்படவில்லை.

“அண்ணாச்சி, நேத்து ஆடி ஒண்ணு. அப்ப புதன்கிழமை ஆனி கடைசி. ஆடி பிறந்துட்டா ஒரு மாசம் புதுசா எதையும் தொடங்க மாட்டீங்க, இல்லையா?”

“ஆமா. ஊர் வழக்கம்தான.”

“ஆனியில கடைசி நாள். ராகு காலம் வாசல்ல நிக்குது. அவசரமா ஒருத்தர் எதையோ தொடங்கியிருக்கார். அவர் ஆல்பினா இருக்க முடியாது. அவனுக்கும் எனக்கும் ராகு காலம் கிடையாது. எனக்குக் கல்யாணமே ராகு காலத்துலதான் நடந்துச்சு.”

“அதான் சார் வீட்டுல அம்மா கையில ராஜ்யம்,” என்றாள் அருணாதேவி.

அவர் குனிந்து கீபோர்டைப் பார்த்தார். என்டர் பொத்தானில் மட்டும் உலர்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். “இது?”

“ஆயுத பூசைக்கு வச்சது,” என்றார் கனகசபாபதி, சற்று வேகமாக.

“போன வருஷத்துச் சந்தனம் இன்னும் வாசம் அடிக்குதே. ஒங்க வீட்டுச் சந்தனம் எந்தக் கடையில அண்ணாச்சி வாங்குறீக?” என்றாள் அருணாதேவி.

தேவாசீர்வாதம் மெதுவாகக் கேட்டார்: “புதன்கிழமை பகல்ல ஆல்பின் எங்கே இருந்தான்?”

“காரியாபட்டிக்குப் போயிருந்தான். கோயில் கமிட்டிக்குப் புரூப் காட்டணும்னு.”

“யார் அனுப்பினது?”

கனகசபாபதியின் தாடை ஒரு முறை அசைந்தது. “நாந்தான்.” பிறகு, தோற்றுப் பழக்கமில்லாதவராக, “போறதுக்கு முன்னாலேயே ஏதாச்சும் செட்டப் பண்ணி வச்சிட்டுப் போயிருப்பான்,” என்றார்.

“அறைச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“எங்கிட்ட ஒண்ணு. என் மக ராஜலதாகிட்ட ஒண்ணு. விருதுநகர்ல கட்டிக் குடுத்திருக்கேன். என் வீட்டுப் பொம்பளப் பிள்ளைய இதுல இழுக்காதீக. அவ இந்த வாரம் இந்தப் பக்கமே வரல. வீட்டுலயும் அவளுக்கு ஒரு கஷ்டமும் கெடையாது. எங்களுக்குள்ள ஒரு பிரிவினையும் கெடையாது.”

கேட்டது ஒரு சாவி. கிடைத்தது நான்கு பதில்கள். நிலத் தகராறில் ‘இந்தக் கல்லை நான் தொடவே இல்லை’ என்று கேட்காமலே சொல்கிறவரின் வீட்டுக்குத்தான் தேவாசீர்வாதம் முதலில் சங்கிலியைக் கொண்டுபோவார்.

“விருதுநகர் வரைக்கும் போயிட்டு வந்துடுறோம். நாலு மணி வரைக்கும் போனைத் தொடாதீங்க, அண்ணாச்சி.”

“எதுக்கு விருதுநகர்?”

“வீட்டுல அடுப்பை அணைச்சேனான்னு ஒரு சந்தேகம்,” என்றாள் அருணாதேவி.

வழி நெடுக அவள் பேசிக்கொண்டே வந்தாள். திருத்தங்கல் தாண்டும்போது தேவாசீர்வாதம் அவள் தோளைத் தட்டினார்.

“அந்த டிஸ்க் வச்சிருக்கிறவர் நிலைமை இப்போ எப்படி?”

“காவல்காரன் இங்க நிக்கிறான். அங்க வீடு மட்டும் இருக்கு, வாசல் இல்ல. எந்தக் கம்ப்யூட்டர்ல மாட்டினாலும் எந்திரிக்காது சார். அண்ணாச்சி கம்பெனி மிசின்ல மாட்டினா மட்டும் ஜம்முன்னு எந்திரிக்கும்.”

“அப்போ திருடர் நம்மளைவிட அதிகமாத் தவிச்சுக்கிட்டு இருப்பார்.”

“திருடர்னு ஒருத்தர் இருந்தா.”

தெப்பக்குளத்துக்குத் தெற்கே ராஜலதாவின் வீடு. அழைப்பு மணியை அடித்ததும் கதவு திறந்தது, உள்ளிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தி அருணாதேவியின் கைப்பையைப் பார்த்துவிட்டு, “சர்வீஸ் சென்டரா? நல்ல வேளை, சீக்கிரமா வந்துட்டீக. மாடிக்கு வாங்க,” என்று முன்னால் நடந்தாள்.

சில கேஸ்களில் குற்றவாளி தப்பி ஓடுவார். இந்தக் கேஸில் மாடிப்படிக்கு வழி காட்டினார்.

மாடியில் புது மேசை, புதுக் கம்ப்யூட்டர். சுவரோரம் ஒரு பெயர்ப்பலகை, முகத்தைத் திருப்பி நின்றது. மேசை மேல் செங்கல் அளவுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க். அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

“எட்டு டெராபைட். புத்தம் புதுசு. இதுல லினக்ஸ் போட்டேன். அப்பா கம்பெனியில மாட்டுனா உடனே எந்திரிக்குது. இங்கன மாட்டுனா கட்டையாக் கெடக்கு,” என்றாள் ராஜலதா. “அப்பாகிட்ட சொன்னேன். ‘தாத்தா படத்துக்கு முன்னால தொடங்குனது, தாத்தாவை விட்டு வர மாட்டேங்குது. அதுக்கு இருக்குற அறிவு ஒனக்கு இல்லையே’ன்னு சொல்லிட்டு போனை வச்சிட்டாக.”

அருணாதேவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தாத்தாவை அப்படிக் குறை சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொண்டே டிஸ்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி, நம்பரைப் பார்த்தாள். சிவகாசித் திரை அழுது தேடிய அதே நம்பர். கடைசி எழுத்து வரை.

“லினக்ஸ் எதுக்கு?” என்று கேட்டார் தேவாசீர்வாதம்.

“அப்பா பிடிவாதம். நான் தனியா டிசைன் ஸ்டுடியோ ஆரம்பிக்கேன்னதும் மூணு நாள் பேசல. அப்புறம் சரின்னாக. ‘ஆனா திருட்டு விண்டோஸ் வச்சு என் மக தொழில் தொடங்கக் கூடாது. நம்ம குடும்பம் அப்படிப்பட்டது இல்ல’ன்னுட்டாக. லினக்ஸ்னா சும்மாவே கெடைக்கும். ஆடிப் பதினெட்டு முடியுற வரைக்கும் வெளியில மூச்சு விடக்கூடாதுன்னும் சொன்னாக. குடும்பம் பிரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா ஏஜெண்டு ஒருத்தனும் ஆர்டர் தர மாட்டான்னு பயம். எங்க வீட்டுல எதுவானாலும் தாத்தா படத்துக்கு முன்னாலதான் தொடங்கணும். அதான் புதன்கிழமை அப்பா எல்லாரையும் வெளியில அனுப்பிட்டு, அந்த ரூம்ல வச்சு…” அவள் நிறுத்தினாள். “நீங்க சர்வீஸ் சென்டர்தான?”

“இல்லம்மா. ஒங்க அப்பா எங்களை வரச் சொன்னார். ஒங்க கம்பெனி மிசின் நேத்துல இருந்து எந்திரிக்கல. ஆல்பின் திருடிட்டான்னு நாலு மணிக்குப் போலீஸைக் கூப்பிடப் போறார்.”

ராஜலதா லேப்டாப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “ஆல்பினையா? ஞாயித்துக்கெழமை அவனுக்கு ஓலை வாசிக்கப் போறாகளே! அப்பா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!”

காவல்காரன் கதையை அருணாதேவி அவளுக்கும் சொன்னாள். “அந்த இடத்துல முதல் டிஸ்கை மாத்தாம என்டரைத் தட்டிட்டீகளே அக்கா. ராகு காலத்துக்குப் பயந்தா?”

ராஜலதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் தட்டல,” என்றாள். “மாத்தலாம்னு ஸ்கிரீன்ல அந்த லிஸ்ட்டுக்குக் கீழ போய்க்கிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல நின்னாக. ‘என்னத்தம்மா யோசிச்சுக்கிட்டே இருக்க, ராகு காலம் வந்துறப் போகுது. ஆரம்பம் என் கையால இருக்கட்டும்’னு சொல்லி, பொட்டு வச்ச பொத்தானை அமுக்கிட்டாக. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அது பாட்டுக்கு ஓடிருச்சு. சரி, அப்பா கைராசின்னு விட்டுட்டேன்.”

கேஸ் கொடுத்தவர், குற்றவாளியைப் பிடித்தவர், தண்டனை எழுதி வைத்திருந்தவர், குற்றம் செய்த விரலுக்குச் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே வேட்டிக்குள் இருந்தார்கள்.

“சார்,” என்று அவள் கெஞ்சினாள், “இதை அப்பாகிட்ட சொல்லிறாதீக. தப்பு தன் மேலன்னு தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக. நான் செஞ்சேன்னு நானே சொல்லிக்கிடுதேன். டிஸ்கை எடுத்துக்கிட்டு இப்பவே வாரேன்.”

அவள் காரில் முன்னே போனாள். மற்ற இருவரும் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்கள்.

சிவகாசியில் கனகசபாபதி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் டிஸ்கோடு இறங்குவதைப் பார்த்ததும் போன் தானாக ஜிப்பாப் பைக்குள் போனது. டிசைன் ரூமின் கதவைச் சாத்தினார். ராஜலதா ஒன்றும் பேசாமல் டிஸ்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். காவல்காரனுக்கு ஓலை கிடைத்துவிட்டது. திரையில் வரிசையாக மூன்று பெயர்கள் எழுந்தன: அவளுடைய லினக்ஸ், அப்பாவின் பழைய விண்டோஸ், அப்பாவின் புது விண்டோஸ். ஒரே வாசலில் மூன்றும் சமாதானமாக நின்றன.

தேவாசீர்வாதம் சுருக்கமாகச் சொன்னார். திருட்டு இல்லை. காப்பி இல்லை. காவல்காரனை நிறுத்திய இடம் மாறிப்போய்விட்டது. நிறுத்திய விரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கனகசபாபதி மகளைப் பார்த்தார். கோபத்தைவிடக் கவலைதான் அதிகம் இருந்தது. “சரி. நடந்தது நடந்து போச்சு. பயலை வீட்டுக்கு அனுப்பிருங்க. திங்கக்கெழமை வேலைக்கு வரச் சொல்லுங்க. விசயம் இந்த ரூமோட முடிஞ்சிரட்டும்.”

“முடியாது அண்ணாச்சி,” என்றார் தேவாசீர்வாதம். “திட்டும்போது மிசினை நிறுத்தித் திட்டுனீங்க. ஓடுற மிசின் சத்தத்துக்குள்ள அவனை விடுவிச்சா யார் காதுல விழும்? மல்லாங்கிணறு மாமா காதுல நிச்சயமா விழாது.”

“அப்ப நான் என்ன சொல்லணுங்கீக? என் மக தனியாப் போறா, போற அவசரத்துல கம்பெனி மிசினைக் கெடுத்துட்டுப் போயிட்டான்னா? என் வீட்டுப் பிள்ளை பேரு தகரம் அடிக்கிற இடத்துல அடிபடணுமா?”

“நானே சொல்லிக்கிடுதேன்ப்பா,” என்றாள் ராஜலதா. கதவைத் திறந்தாள், நேரே மிசின் ஹாலுக்கு நடந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. யாருடைய மகள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

அவள் கையைக் காட்டியதும் மிசின் நின்றது. தகரம் அடித்த கைகள் நின்றன. பேப்பர் குடோன் வாசலில் ஆல்பினும் பிரபாகரனும் எழுந்து நின்றார்கள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க,” என்றாள் ராஜலதா. “டிசைன் ரூம் கம்ப்யூட்டரைக் கெடுத்தது ஆல்பின் இல்ல. புதன்கிழமை நாந்தான்…”

“நிறுத்து.”

கனகசபாபதி அவளுக்கு முன்னால் வந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கழுத்தை உயர்த்தினார். போர்க்களத்தில் தலையைக் கொடுக்க வந்தவர் போலிருந்தது அந்த நிற்பு.

“எம் பிள்ளை என்னைக் காப்பாத்தணும்னு சொல்லுது. நம்பாதீக. அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நாந்தான். எனக்குத் தெரியாத பொத்தானை அமுக்கிட்டேன். பழியைத் தூக்கி ஆல்பின் மேல போட்டேன். அவன் திருடன் இல்ல. திருட்டுப் பயன்னு சொன்னது எந் தப்பு. யாரு கேட்டாலும், ஞாயித்துக்கெழமை கோயில்ல எவன் எந்திரிச்சுக் கேட்டாலும், கனகசபாபதி சொன்னான்னு சொல்லுங்க.”

அருணாதேவியின் வாய் திறந்தது. தேவாசீர்வாதம் அவள் காலை மிதித்தார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவள் வாயை மூட அவர் கண்டுபிடித்த முதல் வழி இதுதான்.

தகரம் அடிக்கும் சண்முகத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, “ஏலே ஆல்பின், நிக்கியே, போயி கிருபாப் பிள்ளைக்குப் போன் போடுலே!” என்று சத்தம் போட்டாள். ஆல்பின் போனை எடுக்கவில்லை. கனகசபாபதியிடம் வந்தான்.

“மொதலாளி, இப்ப கீபோர்டைத் தொடலாமா? அக்கா டிஸ்குல காவலுக்கு ஆள் வச்சிட்டு, நம்ம மிசினையும் சரி பண்ணிருதேன். அஞ்சு நிமிச வேலை.”

“தொடு. ஒன்னையத் தவிர இனி எவனும் தொடக்கூடாது. நானும்தான்.”

மிசின் மறுபடி ஓடத் தொடங்கியது. கனகசபாபதி தேவாசீர்வாதத்தை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். இறங்கும் முன் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

“சர்வேயரய்யா, எழுபது வயசுல இன்னைக்குத்தான் மொத மொதலா ஊரு முன்னால நின்னு பொய் சொல்லியிருக்கேன். பொம்பளப் பிள்ளை பேரைக் காப்பாத்த வேற வழி தெரியல. பாவம் எனக்கு. விசயம் ஒங்களோட இருக்கட்டும்.”

தேவாசீர்வாதம் அவர் முகத்தைப் பார்த்தார். இத்தனை நிமிர்ந்த முதுகோடு உண்மை பேசிய மனிதரை அவர் தம் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. அது உண்மை என்று அந்த மனிதருக்கு மட்டும்தான் தெரியாது.

“என்னோடயே இருக்கும், அண்ணாச்சி,” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறினார்.